பாம்புக்குக் கேட்கும் பாட்டு

சித்தர் தமிழில் பாடினார். நாராயண குரு மலையாளத்தில் எழுதினார். ஒரு ராக் குழு மின்கிதாரில் முழக்கியது. மூன்று பேரும் ஆடச் சொல்வது ஒரே பாம்பைத்தானா?

பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது எலப்புள்ளி. பனைமரமும் நெல்வயலுமான ஊர். வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பெயர் 2025 ஜனவரியில்தான் தெரியவந்தது. அங்கே ஒரு மதுபான ஆலைக்குக் கேரள அமைச்சரவை ஒப்புதல் கொடுக்க, தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டு எதிர்ப்பு கிளம்பியது. அந்தச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். கிழக்குப் பாலக்காட்டுக்கு அதைவிடப் பழைய அடையாளம் ஒன்று உண்டு. தமிழ் எங்கே முடிந்து மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று இங்கே கோடு போட்டுக் காட்ட முடியாது. 1956 நவம்பர் 1 வரை எலப்புள்ளி சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தின் பகுதி. அதற்குப் பிறகு எல்லைக்கல் வந்தது. பேச்சு மாத்திரம் கல்லுக்கு இருபுறமும் போய்வந்து கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட மண்ணில் மொழிபெயர்க்காமலே விளங்கக்கூடிய ஒரு ராக் பாட்டு உண்டு. பெயர் 'ஆடு பாம்பே'. தலைப்பின் இரண்டு சொற்களும் இரண்டு மொழிக்கும் பொது. திருவனந்தபுரத்து 'அவியல்' குழு 2008-ல் வெளியிட்ட, குழுவின் பெயரையே தாங்கிய முதல் ஆல்பத்தில் இடம்பெற்ற 8 பாடல்களில் இதுவும் ஒன்று.

'அவியல்' உருவானது 2003-ல். அதுவரை கேரளத்தில் ராக் என்றால் ஆங்கிலம் என்பதுதான் எழுதப்படாத சட்டம். கொச்சியின் '13 ஏடி' குழு ஆங்கிலத்தில்தான் பாடியது. கர்நாடக சங்கீதச் சாயலைக் கிதாரில் கொண்டுவந்த 'மதர்ஜேன்' குழுவும் சொற்களுக்கு ஆங்கிலத்தையே நம்பியது. 'அவியல்' அந்த வழக்கத்தை உடைத்தது. ரெக்ஸ் விஜயனின் கிதார், மிதுன் புத்தன்வீட்டிலின் டிரம்ஸ், நரேஷ் காமத்தின் பாஸ் கிதார், டோனி ஜானின் குரல். இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் ஓசையும் டோனி ஜானின் கைவண்ணமே. சொற்கள் மட்டும் வயலிலும் கோயில் முற்றத்திலும் புழங்கும் மலையாளம். பெயருக்கு ஏற்ற பக்குவம்தான். நல்ல அவியலில் எந்தக் காயும் தன் ருசியை விட்டுக்கொடுப்பதில்லை.

தங்கள் இசையை அவர்கள் மலையாள ஆல்டர்நேட்டிவ் ராக் என்கிறார்கள். கிதாரின் கனத்தை வைத்துப் பார்த்தால் ஆல்டர்நேட்டிவ் மெட்டல் அதற்கு அடுத்த வீடு. எண்பதுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவில் 'ஃபெய்த் நோ மோர்' போன்ற குழுக்கள் தொடங்கி வைத்த பாணி அது. பழைய மெட்டலின் முரட்டுக் கிதார் அப்படியே இருக்கும். அதோடு எங்கிருந்து வேண்டுமானாலும் எதையும் சேர்த்துக்கொள்ளலாம்: நாட்டுப்பாட்டு, ஓதல், ராப், இசைத்தட்டின் கீறல். அதிவேக கிதார் வித்தையைவிட, ஒரு சிறு கிதார்த் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கேட்பவரை அதற்குள் இழுப்பதுதான் இதன் முக்கிய உத்தி.

முதல் தடவை கேட்பவர்களை மிரட்டுவது அந்தக் கிதாரின் கரகரப்பு. இது எப்படி வருகிறது? ஒலிபெருக்கிக்கு அதன் சக்திக்கு மீறிய வேலை கொடுத்தால் ஒலியலையின் உச்சி தட்டையாக நறுக்கப்பட்டுவிடும். நறுக்கிய இடத்தில் மூல ஸ்வரத்தோடு சேர்ந்து அதன் மேல்ஸ்வரங்கள் கூட்டமாக முளைக்கும். ஒரு தந்தியைத் தட்டினால் பத்துத் தந்திகள் உறுமுவது போல் தோன்றுவது அதனால்தான். நம் ஊருக்கு இது ஒன்றும் அந்நியமல்ல. தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூல் துண்டைச் செருகி, 'ஜீவா' என்று பெயர் வைத்து, ஒலியில் ரீங்காரத்தை உண்டாக்குகிறார்களே, அதற்கும் இதற்கும் குணம் ஒன்றே. சுத்தமான ஒலியைக் கொஞ்சம் கெடுத்தால் அதற்கு உயிர் வரும் என்பது இரண்டு இடத்திலும் தெரிந்திருக்கிறது. கெடுக்கும் அளவில்தான் வித்தியாசம்.

மெட்டல் என்ற பெயரிலும் ஒரு தொழிற்சாலைக் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் தகட்டு ஆலையில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற 17 வயது இளைஞருக்கு 1965-ல் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் போய்விட்டன. இடது கைக்காரரான அவர் தந்தியை அழுத்துவது அந்த வலது கையால்தான். பிளாஸ்டிக்கில் விரல் மூடி செய்து மாட்டிக்கொண்டு மீண்டும் கிதாரை எடுத்தார். விரல் வலிக்காமலிருக்க மெல்லிய தந்திகளைக் கட்டினார். பின்னர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். கனமான, கீழ்ஸ்தாயி ஒலி பிறந்தது. 1970-ல் அவருடைய 'பிளாக் சபாத்' குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது ஹெவி மெட்டல் என்ற இசைக்கு அஸ்திவாரம் விழுந்தது. எலப்புள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகள் அங்கே நிறைய. இயந்திர இரைச்சலுக்குப் பக்கத்தில் வளரும் காதுக்கு இந்த இசை விளங்க அதிக விளக்கம் தேவைப்படாது.

ஒலி பர்மிங்ஹாமிலிருந்து வந்தது. சொல் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியமான சமாசாரம். 'ஆடு பாம்பே' பாட்டின் வரிகள் அந்தக் குழுவினர் எழுதியவையல்ல. அவை ஸ்ரீ நாராயண குருவின் 'குண்டலினிப் பாட்டு'. குருவுக்கு அந்த அச்சு கிடைத்தது தமிழிலிருந்து, பாம்பாட்டிச் சித்தரிடமிருந்து.

பாம்பாட்டிச் சித்தரின் கதை தமிழர்களுக்குத் தெரிந்ததுதான். விலைமதிப்பற்ற மாணிக்கத்தைச் சுமக்கும் பாம்பைத் தேடிக் காட்டில் அலைந்த பாம்புப் பிடாரர் அவர் என்றும், 'வெளியே தேடுகிற பாம்பு உனக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது' என்று சட்டைமுனி சொன்ன ஒரு வார்த்தையில் மனம் மாறினார் என்றும் ஐதிகம். அவர் தவம் இருந்ததாகச் சொல்லப்படும் குகை கோவைக்கு மேற்கே மருதமலையில் இருக்கிறது. எலப்புள்ளியிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அவருடைய பாடல்கள் நான்கடிச் செய்யுள்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் பாம்பை ஆடச் சொல்லும் அழைப்பு.

நாராயண குரு பிறந்தது 1856-ல், திருவனந்தபுரத்துக்கு அருகே செம்பழந்தியில். மலையாளம், சமஸ்கிருதம், தமிழ் மூன்றிலும் எழுதியவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியிருக்கிறார். திருக்குறளின் சில அதிகாரங்களையும், கண்ணுடைய வள்ளலாரின் 'ஒழிவிலொடுக்கம்' நூலையும் மலையாளத்துக்குக் கொண்டுபோனார். யோக வழியில் அவருக்குக் குருவாகக் கருதப்படும் தைக்காடு அய்யா ஒரு தமிழர். இளம் வயதில் அவர் தவம் செய்த இடம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மருத்துவாழ் மலை. சித்தர் பாட்டு அவர் காதில் விழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

குரு செய்தது நகல் வேலை அல்ல. சித்தரின் நான்கடியை அவர் ஈரடியாக்கினார். அதனால் 'ஆடு பாம்பே' என்ற அழைப்பு இரண்டு மடங்கு விரைவாகத் திரும்பி வருகிறது. குணமும் மாறியது. சித்தர் பாட்டில் சவால் அதிகம். உடலின் நிலையாமை, பணத்தின் பொய்மை, சடங்குகளின் வெறுமை எல்லாவற்றையும் ஏளனம் செய்துவிட்டுத் தன் சித்துகளை மார்தட்டிச் சொல்லும் குரல் அது. குருவின் குரல் கனிவானது. பிறையும் கொன்றையும் சூடிய சிவனின் பாதத்தடியில் நின்று, அவனுடைய ஆனந்தக் கூத்தைக் கண்டு ஆடு என்று அது பாம்பைக் கொஞ்சுகிறது. இருவருக்கும் பாம்பு என்பது குண்டலினி. முதுகெலும்பின் அடியில் சுருண்டு உறங்குவதாக யோகிகள் சொல்லும் சக்தி அது. எழுந்து தலை வரை ஏறும்போது ஞானம் விழிக்கும் என்பது அவர்கள் கணக்கு.

குருவின் பாட்டில் ஓரிடம் முக்கியமானது. ஓம் தொடங்கிக் கோடி மந்திரங்கள் இருந்தாலும் அவற்றுக்கெல்லாம் பொருள் நாமே என்று அறிந்துகொண்டு ஆடு என்கிறார். தத்துவமாகப் படித்தால் இது அத்வைதம். எழுதியவர் யார், எந்தக் காலம் என்று யோசித்துப் படித்தால் வேறு ஒன்றும் கேட்கிறது. குரு ஈழவர் சமுதாயத்தில் பிறந்தவர். அந்தச் சமுதாயத்தினருக்குப் பெரிய கோயில்களின் வாசல் திறக்காத காலம் அது. மந்திரத்தைக் காதால் கேட்பதற்கே தகுதி இல்லை என்று சொல்லப்பட்டவர்களைப் பார்த்து, மந்திரத்தின் பொருளே நீங்கள்தான் என்கிறது அந்த வரி. 1888-ல் அருவிப்புரத்தில் ஆற்றிலிருந்து எடுத்த கல்லைத் தன் கையாலேயே சிவனாகப் பிரதிஷ்டை செய்தவர் அவர். கள் இறக்குவது குலத்தொழில் என்று முத்திரை குத்தப்பட்ட தன் மக்களிடம் அதை விட்டுவிடும்படி சொன்னவரும் அவரே. எலப்புள்ளியில் இன்று மதுபான ஆலையைப் பற்றிப் பேச்சு எழும்போது அவர் பெயர் நினைவுக்கு வருவது இயல்பு.

பாலக்காட்டுக்கு இந்த வரலாறு தூரத்துச் செய்தி அல்ல. 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக சத்தியாகிரகம் நடந்தது. பெரியார் அங்கே போய்ச் சிறை சென்றது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம். அதே 1924-ல் பாலக்காட்டுக் கல்பாத்தியிலும் தேர்த் திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவில் ஈழவர்கள் நடக்கலாமா என்ற பிரச்சினை அடிதடியில் முடிந்து, சென்னை மாகாண சட்டசபை வரை போனது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்கு அப்போது வயது 12. மாபெரும் லய மேதைகளை உலகுக்குத் தந்த அதே மண்ணில், தெருவில் யார் நடக்கலாம் என்பதும் விவாதப் பொருளாக இருந்தது.

இந்தப் பின்னணியோடு பாட்டுக்குத் திரும்பலாம். தியானத்துக்கு என்று எழுதப்பட்ட ஒரு பாட்டை மின்கிதாரோடும் டிரம்ஸோடும் முழக்கலாமா? கேள்வி நியாயமானது. உள்ளே திரும்பு, அடங்கு என்று சொல்லும் யோகத்துக்கும், கூட்டத்தைத் துள்ள வைக்கும் மேடைக்கும் என்ன சம்பந்தம்? சொல்லின் மென்மை இரைச்சலில் கரைந்துவிடாதா? குருவைத் தெய்வமாக வணங்குபவர்களுக்கு இன்னும் சங்கடம் இருக்கலாம்.

இதற்குப் பதில் கேரளத்தின் சர்ப்பக்காவுகளிலேயே இருக்கிறது. அங்கே புள்ளுவர்கள் பாடும்போது வாசிக்கும் புள்ளுவக்குடம் என்பது தோல் கட்டிய மண்பானை. அதிலிருந்து இழுத்துக் கட்டிய தந்தியைச் சுண்டினால் அடிவயிற்றில் அதிரும் ஒரு தாழ்ந்த ஒலி வரும். தரையில் வண்ணப்பொடியால் பாம்புக் களம் வரைந்து, ஒரே தாளத்தை விடாமல் வாசித்துக்கொண்டே போவார்கள். களத்தில் அமர்ந்திருப்பவர் ஒரு கட்டத்தில் ஆவேசம் வந்து ஆடத் தொடங்குவார். தாழ்ந்த ஒலி, திரும்பத் திரும்ப வரும் தாளம், கூடிக்கொண்டே போகும் வேகம். பெயரை மறைத்துவிட்டுச் சொன்னால் இது ஆல்டர்நேட்டிவ் மெட்டலின் இலக்கணம் என்றுதான் தோன்றும். பாம்பை எழுப்ப மௌனம் ஒன்றுதான் வழி என்று இந்த மண் ஒருபோதும் நம்பியதில்லை.

இன்னொரு பதில் பாம்பிடமிருந்தே வருகிறது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தாடை எலும்பின் வழியாக வரும் அதிர்வு உட்காதுக்குப் போகிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் பந்து மலைப்பாம்புகளை வைத்துச் செய்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், அவற்றுக்கு நன்றாக எட்டுவது 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிதான் என்று தெரிந்தது. மகுடியின் ஒலி இதற்கு வெகு மேலே. மகுடிக்குப் பாம்பு ஆடுவது இசையில் மயங்கி அல்ல. கண்ணெதிரே அசையும் பொருளின் மேல் எச்சரிக்கையோடு வைத்த பார்வைதான் அந்த ஆட்டம். புன்னாகவராளி பாடினால் பாம்பு வரும் என்ற பாட்டிக்கதைக்கும் இதே கதிதான். ஆனால் ஒரு கிதாரின் கடைசிக் கனத்த தந்தி அதிர்வது சுமார் 82 ஹெர்ட்ஸில். பாம்பின் காது திறக்கும் இடம் கிட்டத்தட்ட அதே இடம். மகுடியைவிட மெட்டல் கிதார்தான் பாம்புக்குப் பக்கத்து உறவு என்பதை ரெக்ஸ் விஜயன் நினைத்திருக்க மாட்டார். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

புனிதச் சொல்லை உரத்த இசையில் வைப்பது கேரளத்தில் மட்டும் நடந்ததும் அல்ல. அமெரிக்காவில் ஆர்மீனிய வம்சாவளியினர் நால்வர் நடத்தும் 'சிஸ்டம் ஆஃப் எ டவுன்' குழு 2001-ல் வெளியிட்ட 'சாப் சூயி' என்ற பாட்டு, ஆல்டர்நேட்டிவ் மெட்டலின் பெரும் வெற்றிகளில் ஒன்று. அதன் உச்சத்தில் வருபவை சிலுவையில் இயேசு சொன்னதாக விவிலியம் கூறும் வார்த்தைகள். அந்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, வானொலியில் ஒலிபரப்பாமல் இருப்பது நல்லது என்று ஒரு பெரிய நிறுவனம் சுற்றுக்கு விட்ட பட்டியலில் அந்தப் பாட்டும் இருந்தது. சொல்லுக்கு வலு இருந்தால் ஒலி அதை மூடுவதில்லை, பயமுறுத்தும் அளவுக்குத் தூக்கிவிடவும் கூடும்.

ஆக, கிதாரால் குருவுக்கு ஆபத்து இல்லை. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. திரும்பத் திரும்ப வரும் 'ஆடு பாம்பே' என்ற அழைப்பு எல்லோருக்கும் மனதில் நிற்கிறது. அதற்கு முன்னால் வரும் வரி நிற்பதில்லை. ஆடு என்றால் உடனே ஆடிவிடுகிறார்கள். எதைக் கண்டு ஆடச் சொல்கிறது, எதை அறிந்து ஆடச் சொல்கிறது என்ற பாதி காற்றோடு போய்விடுகிறது. மலையாளியான இளைஞருக்கு அது குருவின் பாட்டு என்று தெரிந்தாலும், அதன் பின்னே ஒரு தமிழ்ச் சித்தர் நிற்பது தெரியாமல் இருக்கலாம். சித்தர் பாட்டைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கோ, அந்த அழைப்பு மலையாளத்தில் போய் ஒரு சமூக விடுதலையின் பாட்டாக மாறிய கதை எட்டியிருக்காது.

இந்த இரண்டு பாதியும் ஒன்று சேரக்கூடிய இடம் எல்லை ஊர்கள்தான். கிழக்குப் பாலக்காட்டிலும் இடுக்கியின் தேயிலை மலைகளிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தக் கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. சட்டம் தருவது மனு எழுதும் மொழி. பாட்டைப் புரிந்துகொள்ளும் மொழியை வீடும் பள்ளியும்தான் தர வேண்டும். ஆங்கில வழிப் பள்ளிக்குப் போகும் பிள்ளை தமிழையும் மலையாளத்தையும் பேசத் தெரிந்து, இரண்டையும் படிக்கத் தெரியாமல் வளர்ந்தால், சித்தரும் குருவும் அதற்கு வெறும் ஓசை ஆகிவிடுவார்கள். அந்த ஓசையை எந்தக் கிதார் வாசித்தாலும் ஒன்றுதான்.

பெரியவர்கள் இந்தப் பாட்டைக் காதைப் பொத்திக்கொள்ளாமல் ஒருமுறை முழுதாகக் கேட்கலாம். கேட்டுவிட்டு, அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பிள்ளைகள் பதிலுக்கு அந்தக் கிதாரில் என்ன நடக்கிறது என்று சொல்லித் தருவார்கள். பொருள் ஒரு தலைமுறையிடமும் ஒலி இன்னொரு தலைமுறையிடமும் இருக்கிறது. சித்தர் காலத்திலிருந்து இந்தப் பாம்பு சட்டையை உரித்து உரித்துத்தான் பிழைத்து வந்திருக்கிறது. உரித்த சட்டை எது, பாம்பு எது என்று அடையாளம் காட்ட ஊருக்குச் சிலர் இருந்தால் போதும்.